பிள்ளைகளை எண்ண முன்னர்: வன்னியின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வன்னித் தேர்தல் மாவட்டம் உங்கள் ஆறு பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. உங்களில் ஆளுங்கட்சியும் உண்டு, எதிர்க்கட்சிகளும் உண்டு. இந்த மடல் ஆறு பேருக்கும் பொதுவானது. கிளிநொச்சியும் எங்கள் வன்னிதான், ஆனால் வாக்குச்சீட்டில் அது யாழ்ப்பாணத்தோடு போய்விட்டது. அந்தப் பக்கத்து உறுப்பினர்களும் இதை ஒருக்கால் வாசித்தால் நல்லது.

நான் ஓய்வுபெற்ற அதிபர். சேவையில் இருக்கிற ஆசிரியர் ஒருவர் இப்படிப் பகிரங்கமாக எழுதினால் அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையைத் தூக்கிக் காட்டி விளக்கம் கேட்பார்கள். ஓய்வூதியக்காரனிடம் விளக்கம் கேட்க இன்னும் சுற்றறிக்கை வரவில்லை. அதனால் அவர்கள் சொல்லத் தயங்குவதையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

நாட்டின் பாடசாலைகள் இன்றைக்கும் 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் ஓடுகின்றன. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்ததற்கும் அது மூத்த சட்டம். 1960, 1961 இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தனிச் சட்டங்கள் வந்தன. 1987 இல் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது, 1991 இல் தேசிய கல்வி ஆணைக்குழுவுக்கு ஒரு சட்டம் வந்தது. அடிச்சட்டம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதிலாகப் புதிய கல்விச் சட்டம் வேண்டும் என்ற கதை அரசாங்கம் மாறினாலும் மாறாத கதை. இப்போது பாடத்திட்டச் சீர்திருத்தம் 2026 இல் தரம் 1 உடன் தொடங்கியிருக்கிறது. தரம் 6 இன் பங்கு 2027 க்குத் தள்ளிப்போனது. சீர்திருத்தம் நடக்கும்போது அதைத் தாங்க ஒரு சட்டமும் தேவைப்படும். இன்றோ நாளையோ ஒரு சட்டமூலம் உங்கள் மேசைக்கு வரும் என்றே நான் எண்ணுகிறேன்.

வந்தபிறகு எழுதினால் காணாதா என்று கேட்பீர்கள். காணாது. எங்கள் அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலத்துக்குச் சபாநாயகர் கையொப்பம் வைத்துவிட்டால், அதன்பிறகு அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் உயர் நீதிமன்றம் போகக் கிடைக்கிற அவகாசம் நாட்கணக்கில்தான். கொழும்பில் இருக்கிற சட்டத்தரணிகளுக்கே அது ஓட்டமும் நடையுமான வேலை. பாண்டியன்குளத்திலோ மருதோடையிலோ இருக்கிற ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கு அந்தச் சட்டமூலம் வந்த செய்தி போய்ச் சேரும்போது காலம் கடந்துவிடும். சட்டங்களின் கடைசியில் வழக்கமாக வருகிற பிரிவு ஒன்றும் இருக்கிறது: தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே தமிழில் வாசித்தோம், பிரச்சினை இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கவும் முடியாது.

எனக்குப் பெரிய பயம் ஒரு எண்ணைப் பற்றியது.

2025 நடுப்பகுதியில் சீர்திருத்தம் பற்றிப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, 50 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகள் எத்தனை என்ற கணக்கு முன்வைக்கப்பட்டது. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றை நிர்வகிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வேண்டியதுதான், அதில் நான் பிழை காணவில்லை. ஆனால் அதே எண் நாளைக்கு ஒரு சட்டப்பிரிவாகவோ, அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடக்கூடிய ஒழுங்குவிதியாகவோ வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கொழும்பு மாவட்டத்தில் ஒரு சிறிய பாடசாலையை மூடினால் பிள்ளை அடுத்த சந்தியில் இருக்கிற பாடசாலைக்குப் போகும். வன்னியில் அடுத்த சந்தி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இங்கே பாடசாலைகள் சிறியனவாக இருப்பதற்கு ஊர் அமைந்த விதம் ஒரு காரணம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பிக் குடியேறிய சனம் வாய்க்கால் நெடுகப் பரந்து இருந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்தவர்கள் காட்டை வெட்டி இன்னும் உள்ளே குடிசை போட்டார்கள். ஒவ்வொரு கொத்து வீடுகளுக்கும் ஒரு பாடசாலை, பெரும்பாலும் அந்த ஊர்ச் சனமே தடி வெட்டிக் கிடுகு வேய்ந்து தொடங்கிய கொட்டில். பிறகு யுத்தம். 2008, 2009 இல் பாடசாலைகளே சனத்தோடு இடம்பெயர்ந்தன. இடாப்பையும் பிள்ளைகளின் அனுமதிப் பதிவேட்டையும் உரப்பையில் கட்டிக் காவிக்கொண்டு ஊர் ஊராகப் போன அதிபர்களை எனக்குத் தெரியும். செட்டிகுளம் மெனிக்பாமில் தறப்பாளின் கீழ் வகுப்பு நடந்தது. 2012 இல் அந்த முகாம் மூடப்பட்டபோது திரும்பி வந்த ஊர்களில் முன்பிருந்த குடும்பங்கள் முழுவதும் இல்லை. இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இந்தியாவுக்கும் வெளிநாடுகளுக்கும் போனவர்கள். பிள்ளைத்தொகை விழுந்ததில் அரைவாசிக் கதை இது.

மீதி அரைவாசி யுத்தத்துக்குப் பிறகு நடந்தது. அதைத்தான் சட்டம் எழுதுகிறவர்கள் பார்க்கவேண்டும்.

ஒரு பாடசாலையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், சொன்னால் இப்போது அங்கே இருக்கிற அதிபருக்குத்தான் தொல்லை. குளத்துக்குக் கீழே ஒரு குடியேற்றக் கிராமம். தரம் 1 முதல் 9 வரை. மீள்குடியேறிய புதிதில் காலைக்கூட்டத்துக்கு முற்றம் நிறையப் பிள்ளைகள் நின்றார்கள். தொண்டு நிறுவனம் ஒன்று கட்டித் தந்த இரண்டு வகுப்பறைக் கட்டடம், ஓட்டுக் கூரை, மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் வந்தன. சில வருடங்களில் கணித ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. அவர் தன் வெளிமாவட்டச் சேவைக் காலத்தை முடித்தவர், போகவேண்டியவர்தான். பதிலீடு வரும் என்றார்கள். வரவில்லை. ஒரு தவணை பார்த்தார்கள், இரண்டு தவணை பார்த்தார்கள். பிறகு கையில் காசு புழங்குகிற ஐந்தாறு குடும்பங்கள் ஒரு வான் பிடித்துப் பிள்ளைகளை ரவுண் பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கின. யாரையும் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

போனவர்கள் கெட்டித்தனமான பிள்ளைகள். புலமைப்பரிசில் பெறுபேறு அடுத்த வருடம் விழுந்தது. பெறுபேறு விழுந்ததும் இன்னும் சிலர் போனார்கள். ஆளணி பிள்ளைத்தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தொகை குறைந்ததால் இருந்த ஆசிரியர்களில் ஒருவர் கடதாசியில் "மேலதிகம்" ஆனார். தமிழும் சமயமும் படிப்பித்த ரீச்சர் அவர். வேறு பாடசாலைக்கு இணைப்பில் போனார். இப்போது நாற்பதுக்கு உட்பட்ட பிள்ளைகள். தரம் 1 உம் 2 உம் ஒரே அறையில். கரும்பலகையின் நடுவே வெண்கட்டியால் கோடு இழுத்து, இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் கூட்டல். ரீச்சர் ஒரு பக்கம் திரும்பினால் மற்றப் பக்கத்தில் அடிபாடு தொடங்கிவிடும். மேல் வகுப்புகளுக்குச் சித்திர ஆசிரியர் கணிதம் எடுக்கிறார். அருமையான மனிதர், பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். சமன்பாடு வருகிற கிழமையில் முதல்நாள் இரவு தானே கொப்பியோடு இருந்து செய்து பார்த்துவிட்டு வருவார். அவருடைய சித்திர பாடம் நேரசூசியில் மட்டும் இருக்கிறது.

இந்தப் பாடசாலையின் பிள்ளைத்தொகை 50 இற்குக் கீழே வந்ததற்கு யார் பொறுப்பு? ஆசிரியரைத் தராதது அரசு. அதனால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதைக் காட்டி அதே அரசு இன்னொரு ஆசிரியரை எடுத்தது. இனி அந்தத் தொகையைக் காட்டியே பாடசாலையையும் எடுக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தால், வானுக்குக் காசில்லாமல் மிஞ்சி நிற்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள்? அவர்கள் பெரும்பாலும் கூலிவேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள், தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைகள்.

அடுத்த பாடசாலை வரைபடத்தில் ஏழு கிலோமீற்றர். நேரில் அது காட்டுப்பாதை. காலையில் யானை இறங்கி நிற்கிற இடம் இரண்டு உண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு இலத்தியின் சூட்டைப் பார்த்தே யானை போய் எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியும். மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வன்னியின் உள்வீதிகள் என்ன கோலத்தில் கிடந்தன என்று நீங்களும் படகிலும் உழவு இயந்திரத்திலும் போய்ப் பார்த்தீர்கள், படமும் எடுத்தீர்கள். அந்தப் படங்களைக் குழு நிலை விவாதத்துக்குக் கொண்டுபோங்கள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையை அந்தப் பாதையால் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. நாங்கள் பதிவேட்டில் "இடைவிலகல்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம்.

நான் எல்லாச் சிறிய பாடசாலையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஒரே வீதியில் நடந்துபோகிற தூரத்தில் இரண்டு பாடசாலைகள், ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகள், மற்றதில் முப்பது, அப்படியான இடங்களும் இருக்கின்றன. அவை ஏன் இரண்டாக இருக்கின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சில இடத்தில் சமயம், சில இடத்தில் சாதி. அவற்றை ஒன்றாக்கினால் முதலில் கைதட்டுகிறவன் நானாக இருப்பேன். அப்படி இணைக்கும்போது எதிர்ப்பு வரும், கோவிலில் கூட்டம் போடுவார்கள், உங்களிடமும் வருவார்கள். அப்போது வாக்கைப் பார்த்து நீங்கள் வாயை மூடக்கூடாது. தூரத்தை அளந்து பாருங்கள் என்று நான் கேட்பது இதற்காகவும்தான். தூரத்தால் அளந்தால் மூடவேண்டியது எது, காப்பாற்றவேண்டியது எது என்று தெளிவாகத் தெரியும்.

இனி ஆசிரியர்கள் பக்கம். வன்னியில் படிப்பிக்கிற கணிசமான ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து நாளாந்தம் வந்து போகிறார்கள். வவுனியா ரவுணில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் போகிறவர்களும் மன்னாரில் இருந்து மடுப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். விடிய மூன்றரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைக்கு இடியப்பத்தைக் கட்டிவைத்து, இருட்டில் பஸ் ஏறுகிற ரீச்சர்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குள் நித்திரை கொண்டபடி வருகிற அந்த முகங்களை நீங்கள் உங்கள் வாகனத்தில் முந்திக்கொண்டு போகும்போது பார்த்திருப்பீர்கள். பரந்தனிலோ மாங்குளத்திலோ இறங்கி இன்னொரு பஸ். அது தவறினால் ஓட்டோ. ஓட்டோக் காசை யாரும் தருவதில்லை. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கே சிரிப்பு வரும்.

பாடசாலை நேரத்தை அரை மணி நேரம் நீட்டலாம் என்ற யோசனை சீர்திருத்தப் பேச்சில் எழுந்தபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. கொழும்புப் பத்திரிகைகள் சில, ஆசிரியர்களுக்கு வேலை செய்யக் கள்ளம் என்ற மாதிரி எழுதின. நான் சொன்ன பாடசாலையில் ஒன்றரைக்கு மணி அடித்தால் ஒன்று ஐம்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது. இரண்டு மணிக்கு மணி அடித்தால் அடுத்த பஸ் நாலே கால். அதில் வருகிறவர் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் படலையைத் திறக்கும்போது பொழுதுபட்டுவிடும். அரை மணி நேரம் கூட்டுகிறவர்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கிளிநொச்சிச் சாலையோடும் முல்லைத்தீவுச் சாலையோடும் கதைத்துவிட்டுக் கூட்டட்டும்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. ஆசிரியர் விடுதி. ஒரு காலத்தில் வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர் விடுதி இருந்தது, ஆசிரியர் கிழமை முழுக்க ஊரில் நின்றார், பின்னேரம் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பும் எடுத்தார், சனத்தின் நல்லது கெட்டதற்கும் போனார். இப்போது இருக்கிற விடுதிகளில் பல வௌவால் குடியிருக்கிற நிலையில். மற்றது, வன்னியில் பிறந்த பிள்ளைகளையே வன்னிக்கு ஆசிரியர் ஆக்குவது. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, 2021 இல் இருந்து வவுனியாப் பல்கலைக்கழகமும் தனியாக இயங்குகிறது. மல்லாவிப் பிள்ளையும் ஒட்டுசுட்டான் பிள்ளையும் அங்கே படித்துத் தங்கள் வலயத்துக்கே நியமனம் பெற ஒரு வழியைச் சட்டத்தில் ஏன் எழுதக்கூடாது? யுத்த காலத்தில் பாடசாலையைத் திறந்து வைத்திருந்தவர்கள் ஊர்த் தொண்டர் ஆசிரியர்கள்தான். அவர்களில் சிலருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது, சிலர் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்து அலைந்தே வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

முன்பள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. யுத்தம் முடிந்த பிறகு முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம் கொடுத்தது கல்வித் திணைக்களம் இல்லை, பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம். மாகாணம் தந்த சொற்பக் கொடுப்பனவைவிட அது பல மடங்கு. பசித்த வீட்டுப் பிள்ளை அந்த வேலையை எடுத்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு "அ" எழுதக் கொடுக்கிறவரின் சம்பளப் பட்டியல் பாதுகாப்பு அமைச்சின் திணைக்களத்தில் இருந்த நாட்டில், புதிய கல்விச் சட்டம் முன்பள்ளியைக் கல்விக்குள் எடுக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் முதலாவது பக்கத்திலேயே தேடவேண்டும்.

சட்டத்தில் இன்னொரு கோணல் இருக்கிறது. 1997 இல் வந்த ஒழுங்குவிதிகள் 5 வயதில் இருந்து 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. நல்லது. பிள்ளையை அனுப்பாத தாய் தகப்பன்மேல் நடவடிக்கை எடுக்கலாம். அனுப்பிய பிள்ளைக்கு முன்னால் கணித ஆசிரியர் ஒருவர் நிற்கவேண்டும் என்று எந்தப் பிரிவும் அரசைக் கட்டவில்லை. தாயை நீதிமன்றத்துக்கு இழுக்க வழியிருக்கிறது. மூன்று வருடம் வெற்றிடத்தை நிரப்பாத அலுவலகத்தை யாரும் எங்கும் இழுக்க முடியாது. புதிய சட்டத்தில் எனக்கு ஒரேயொரு பிரிவை எழுத இடம் தந்தால் நான் இதைத்தான் எழுதுவேன்: பிள்ளைத்தொகை எதுவாக இருந்தாலும், திறந்திருக்கிற ஒவ்வொரு பாடசாலைக்கும் தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கவேண்டும், வெற்றிடம் விழுந்து ஒரு தவணைக்குள் நிரப்பப்படவேண்டும், பதிலீடு கடமையேற்கும்வரை இருக்கிற ஆசிரியரை விடுவிக்கக்கூடாது, ஆனால் அந்தத் தாமதம் இடமாற்றம் கிடைத்தவருக்குத் தண்டனையாகவும் ஆகக்கூடாது. கடைசிப் பகுதியை எழுதுவது கஷ்டம், தெரியும். அதற்குத்தான் சட்டவரைஞர் திணைக்களம் இருக்கிறது.

யார் இதைச் செய்வது என்ற கேள்வி வரும். பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் போன்ற குறித்துரைக்கப்பட்டவை தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. வடக்கு மாகாண சபையை 2013 செப்ரெம்பரில் தெரிவு செய்தோம், 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான். மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. சபையே இல்லாவிட்டால் யாருடைய கருத்தைக் கேட்பது? இது புதுக் கேள்வி இல்லை. 2012 இல் சமுர்த்தி போன்ற அமைப்புகளை ஒரே திணைக்களமாக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தபோதும் வடக்கில் சபை இருக்கவில்லை. ஆளுநர் சொன்னதை மாகாண சபையின் கருத்தாக எடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையைக் காட்டி 2013 ஜனவரியில் அது நிறைவேறியது. இன்றைய அரசாங்கத்திடம் 225 இல் 159 ஆசனங்கள் இருக்கின்றன. ஆகவே உங்களில் எதிர்க்கட்சியில் இருக்கிறவர்கள் கணக்குப் பார்த்துத் தடுக்கலாம் என்று நம்பியிருக்கவேண்டாம். ஆளுங்கட்சியில் இருக்கிறவர்கள்தான் குழுவுக்குள் பேசவேண்டும், மாகாண சபைத் தேர்தலைக் கல்விச் சட்டத்துக்கு முன்னர் வையுங்கள் என்று கேட்கவேண்டும்.

மத்தியே எல்லாவற்றையும் எடுத்தால் வசதி வரும் என்று நினைக்கிற பெற்றோர் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். 1000 தேசிய பாடசாலைகள் என்று ஒரு திட்டம் வந்தபோது பெயர்ப்பலகை மாறினால் போதும் என்ற மாதிரிச் சந்தோசப்பட்டார்கள். பெரிய பாடசாலை ஒன்று தேசிய பாடசாலை ஆனால் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகளில் இருந்து முதலில் பிள்ளை போகும், பிறகு ஆசிரியர் போவார். பெரிய பாடசாலைக்கு அது நன்மை. சிறியதற்கு நடப்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஆசிரியர்கள் சட்டங்களைக் கண்டு பயப்படுகிறார்கள், பொறுப்பில் இருந்து தப்ப நினைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2021 ஐ நினைவுபடுத்துகிறேன். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஜூலை மாதம் பாராளுமன்றத்துக்கு அருகே நின்றவர்களில் ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்ராலினும் ஒருவர். நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும் தனிமைப்படுத்தல் என்று சொல்லி அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த இடம் எது தெரியுமா? எங்கள் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு விமானப்படைத் தளம். அங்கே தங்கள் காணியைக் கேட்டுச் சனம் வீதியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழி வகுப்புகளில் இருந்து மாதக்கணக்கில் விலகி நின்றார்கள். 2022 ஜனவரியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்சம் இரண்டு பங்கு இன்னும் கூட்டங்களில் மட்டும் பேசப்படுகிறது. அந்தக் கொத்தலாவல சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆசிரியர்கள் ஒரு சட்டமூலத்தை வாசித்து விளங்கிக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே அவர்களிடம் கேளுங்கள். ஆசிரியருக்கு மதிப்பீடு, உரிமம் என்று ஏதாவது சட்டத்தில் வந்தால், சித்திரம் படிப்பிக்க நியமனம் பெற்றுக் கணிதம் எடுக்கிற அந்த மனிதரை எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்று சட்டம் கொண்டுவருகிறவர்களிடம் கேளுங்கள். இரண்டு தரத்துக்கு ஒரே அறையில் நிற்கிற ரீச்சரின் பெறுபேற்றை ரவுணில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே தரம் எடுக்கிறவரின் பெறுபேற்றோடு எப்படி ஒப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். பல்தர வகுப்புக் கற்பித்தலுக்குத் தனிப் பயிற்சியும் தனிக் கொடுப்பனவும் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய பாடத்திட்டத்தின் தொகுதிகளை இணையத்தில் எடுக்கச் சொல்கிறவர்களிடம், கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எடுக்க நீர்த்தாங்கிப் படியில் ஏறுகிற அதிபரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் உண்மையாகவே ஏறுகிறார். நானும் அவருக்கு ஏணி பிடித்திருக்கிறேன்.

பாடசாலையை மூடுவது பற்றி ஏதும் பிரிவு இருந்தால் அதில் நான்கு விடயங்கள் எழுத்தில் வரவேண்டும்: அடுத்த பாடசாலைக்கு உள்ள தூரம் நடைபாதையால் அளந்து பார்க்கப்படவேண்டும், பஸ்ஸோ வானோ அரச செலவில் முதலில் ஓடத் தொடங்கவேண்டும், பெற்றோரைக் கூட்டிப் பகிரங்க விசாரணை நடத்தி அதன் அறிக்கையைத் தமிழில் ஒட்டவேண்டும், முந்தைய ஐந்து வருடங்களில் அந்தப் பாடசாலையில் இருந்த ஆசிரியர் வெற்றிடங்களும் அந்த அறிக்கையில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதை எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்டால், அதில்தான் விசயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமூலம் வர்த்தமானியில் வந்த அன்றே தமிழ்ப் பிரதியை ஒவ்வொரு கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் கிடைக்கச் செய்யுங்கள். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு என்று வலயத்துக்கு ஒரு கூட்டம் வையுங்கள். மேடை, பூமாலை, பொன்னாடை வேண்டாம், ஒரு மேசையும் ஒலிவாங்கியும் போதும். ஆறு பேரும் ஒரே நாளில் வந்தால் இன்னும் நல்லது. சிங்களத்தில் சட்டம் வாசிக்கத் தெரிந்த ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒக்ரோபரில் வைக்கவேண்டாம், காலபோக விதைப்பு. சனம் வயலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் தாய்மாரும் வருவார்கள், வீடு போக இருட்டாமல் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் இருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்